அடிவரிசைச் சூடு: ரங்கூன் பருப்பு ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2017 முதல் 2024 வரை கணக்கு ஆலோசகனாகப் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு குடும்ப நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தின் சம்மதம் இருக்கிறது. ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சரக்கு, மழை, அரசு உத்தரவு, இவற்றின் வரிசை எதையும் மாற்றவில்லை.

பின்னணி

ஹ்லைங் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹ்லைங்தாயா தொழிற்பேட்டையில் ஒரு பருப்பு ஆலை, கூடவே இரண்டு குடோன். 2017 தொடக்கத்தில் 64 பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் ஐராவதி டெல்டாவிலிருந்து வந்தவர்கள். 2008 நர்கிஸ் புயலில் வீடு போய், பிழைப்புத் தேடி ஆற்றைத் தாண்டி வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். மீதி தமிழர்கள், சில கரென் குடும்பங்கள். ஆலைக்குள் பேச்சு பர்மிய மொழியில். அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் தமிழ். இந்தக் கதவைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கும்.

நிறுவியவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், பெட்டியடிப் பையனாக இருந்தவர். அந்தக் காலத்துக் கிட்டங்கி ஒழுங்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: முதலாளி ஊரில், ஏஜெண்டு இங்கே, அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். ஏஜெண்டுக்கு மூன்று வருஷத் தவணை. ஒவ்வொரு காசும் பேரேட்டில் ஏறி, ஐந்தொகை (மொத்த இருப்புக் கணக்கு) ஊருக்குப் போகும். "எழுதாத காசு திருட்டுக் காசு" என்று அப்பா சொல்வாராம்.

பெரியவர் இதற்கு நேர் எதிரான பாடத்தைப் படித்துக்கொண்டார். அதற்குக் காரணம் உண்டு. 1964 மார்ச்சில் அரசு கடைகளை எடுத்துக்கொண்டபோது குடும்பத்தின் பலசரக்குக் கடையும் போயிற்று. அதே வருஷம் மே மாதம் 50, 100 சாட் (பர்மிய நாணயம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அவருக்கு அப்போது 18 வயது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கப்பலேறிப் போனார்கள், இவர்கள் தங்கிவிட்டார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் மாற்றக்கூட வழியில்லாமல் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. அரிசி டின்னுக்குள் அவர் பத்திரப்படுத்தியிருந்ததில் முக்கால்வாசி 75 சாட் நோட்டு. கையிருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, சரக்கு எங்கே என்பது ஒரே ஒரு தலைக்குள் இருந்தால்தான் பிழைக்கலாம் என்று அன்று முடிவெடுத்தார். அந்த முடிவு குடும்பத்தை ஒரு தலைமுறை காப்பாற்றியது. அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

1988க்குப் பிறகு பயறு வணிகத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்டதும் 1990ல் வாடகைக் குடோனில் உளுந்து வாங்கி விற்கத் தொடங்கினார். வாங்குபவர் சென்னை. உளுந்தைப் பர்மாக்காரர்கள் அதிகம் சாப்பிடுவதில்லை; இங்கே விளைவதில் பெரும்பகுதி இந்தியாவின் இட்லிக்கும் வடைக்கும்தான். ஒரே பயிர், ஒரே நாடு, அந்த நாட்டிலும் ஒரே துறைமுகம். 27 வருஷம் அது ஓடியது.

2016 கடைசியில் இளைய மகன் சிங்கப்பூரிலிருந்து படிப்பு முடித்துத் திரும்பினார். 2017 திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்பு 'நிறுவனப் பண்பாடு' என்று ஒரு திட்டம் தொடங்கினார். நேர்மை, துணிவு, ஒற்றுமை என்பது போல ஐந்து சொற்கள், ஆங்கிலத்திலும் பர்மியத்திலும், கண்ணாடிச் சட்டம் போட்டு ஆலைச் சுவரில். எல்லாருக்கும் பச்சை டி-ஷர்ட். பெரியவர் அதைப் பார்த்து, "சட்டை நல்லாத்தான் இருக்கு" என்றதோடு சரி.

2017 மழைக்காலம்

டெல்டாவிலும் பகோ பக்கமும் நெல் அறுத்த வயலில் உளுந்து விதைப்பார்கள்; பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. 2015, 2016ல் இந்தியாவில் பருப்பு விலை உச்சத்தில் இருந்ததைப் பார்த்து இங்கே எல்லாரும் விதைத்திருந்தார்கள். இந்தியாவிலும் அதே கதை. 2016-17ல் அங்கே அதுவரை இல்லாத விளைச்சல், சுமார் 2.3 கோடி டன் பயறு. விலை இறங்கத் தொடங்கிவிட்டது. பெரியவர் விற்கவில்லை. "ஆடியில ஏறும், பிடிச்சு வை" என்றார். வங்கிக் கடன் போதாமல் பாயின்நாங் மொத்தச் சந்தையில் தெரிந்தவரிடம் கைமாற்றும் வாங்கி, இரண்டாம் குடோனைக் கூரைவரை நிரப்பினார்.

ஜூலை நடுவில் அந்தக் குடோனின் மேற்கு மூலையில் தகரம் தூக்கிக்கொண்டது. ஒழுக்கு பெரிதில்லை. சுவரோரம் வழிந்து, மூட்டை அட்டியின் அடியில் போட்டிருந்த கட்டைகளுக்கு இடையே தேங்கியது. குடோன் பொறுப்பில் இருந்தவர் 19 வருஷ அனுபவமுள்ள பர்மிய அம்மாள். எல்லாரும் 'அமாஜீ', பெரியக்கா, என்று கூப்பிடுவார்கள். அடிவரிசை மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்த உளுந்தை உள்ளங்கையில் வைத்தபோது வெதுவெதுப்பாக இருந்ததாம். "அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார். பயறு சூடேறினால் உள்ளே ஈரம் வேலை செய்கிறது, அடுத்தது பூஞ்சணமும் வண்டும்தான் என்று குடோனில் ஒரு மழை பார்த்தவருக்குக்கூடத் தெரியும்.

அவர் கணக்கரிடம் சொன்னார். சயாஜீயிடம், அதாவது பெரிய முதலாளியிடம், நல்ல நேரம் பார்த்துச் சொல்வதாகக் கணக்கர் சொன்னார். அந்த நல்ல நேரம் வரவே இல்லை. ஒரு வாரம் கழித்து அமாஜீயே மூத்த மகனிடம் போனில் சொல்லியிருக்கிறார். காரில் போய்க்கொண்டிருந்தவர், "பார்க்கிறேன்" என்றார். மேற்கொண்டு சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று அமாஜீ நிறுத்திக்கொண்டார்.

அதே சமயம் இன்னொரு செய்தியும் அந்த ஆலைக்குள் முடங்கிக் கிடந்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி இந்தியா துவரை இறக்குமதிக்கு வருஷத்துக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு போட்டது. மறுநாளே சென்னைத் தரகர் போனில், "துவரைக்குப் போட்டாச்சு, அடுத்து உளுந்துதான். இருக்கிறதைத் தள்ளிவிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். போனை எடுத்தவன் சென்னை லைன் பார்க்கும் தமிழ்ப் பையன். முந்தின வருஷம் விலை இறங்கும் என்று அவன் வாய்விட்டபோது பெரியவர் எல்லார் முன்னாலும், "நீ முதலாளியா, நான் முதலாளியா?" என்று கேட்டிருந்தார். விலை இறங்கத்தான் செய்தது. அதற்குப் பிறகு அவன் விலை மட்டும் எழுதிக் கொடுப்பான், பேச்சை எழுத மாட்டான்.

ஆகஸ்ட் 21ல் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று உத்தரவு வந்தது. நடுவே 16 நாள் இருந்தது. பாதிச் சரக்கையாவது அந்த நாட்களில் தள்ளியிருக்கலாம். சந்தை சரிந்த பிறகு, கிடைத்த விலைக்கு விற்கலாமென்று அட்டியைப் பிரித்தபோது அடியில் மூன்று வரிசை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாம்பல் பூத்திருந்தது. சாக்கைத் தூக்கினால் அடிப்பாகம் கையோடு வந்தது. 140 மூட்டை போயிற்று.

விலைச் சரிவில் போனதோடு ஒப்பிட்டால் அழுகியது சிறு தொகை. பெரியவரை உலுக்கியது என்னவோ அந்தச் சிறு தொகைதான். "விலை ஆண்டவன் கையில. கூரை நம்ம கையிலதானே இருந்துச்சு" என்றார்.

மூன்று வாரம் கண்டது

செப்டம்பர் நடுவில் மூத்த மகன் என்னை அழைத்தார். யார் மறைத்தது என்று கண்டுபிடித்துத் தர வேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. பதிவுக்காக அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதல்முறை உட்கார்ந்தபோதே பாதி விளங்கிவிட்டது. பெரியவர் பர்மிய மொழியில், "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்பார். வரிசையாக "ஹோக்கே, சயாஜீ" என்று பதில் வரும். ஆமாம் என்று அர்த்தம். சரி, கேட்டுக்கொண்டேன், தொந்தரவு செய்ய விரும்பவில்லை என்றும் அர்த்தம். எட்டு நிமிஷத்தில் கூட்டம் முடிந்தது. பிறகு குடும்பத்தார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தமிழில் பேசினார்கள். முடிவுகளெல்லாம் அங்கேதான். வெளியே நின்றவர்களுக்குக் குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும். கோபமா இல்லையா என்று அதை வைத்துக் கணிப்பார்கள்.

இதற்கு மூத்த மகன் சொன்ன விளக்கம் ரங்கூனில் தொழில் செய்யும் எல்லாரும் சொல்வதுதான்: "பர்மாக்காரங்களுக்கு அனாடே சார், அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க." அனாடே என்பது அடுத்தவர் மனம் நோகுமே என்று நெளிவது. தமிழில் அதற்குத் தாட்சண்யம் என்று பெயர் இருக்கிறது. நம்மவரும் அதில் சளைத்தவரில்லை. ஆனால் இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம், நான் கண்ணால் பார்த்த ஒன்று.

ஒரு நாள் பகல். பகோவிலிருந்து லாரி வந்து நிற்கிறது. அமாஜீ தராசுப் பக்கத்தில், கன்னத்தில் தனக்கா (மரப்பட்டை அரைத்த பூச்சு), கையில் சுண்ணாம்பு. (பர்மாவில் எடை இன்றும் வீசைக் கணக்கு, ஒரு வீசை 1.63 கிலோ. வெள்ளைக்காரன் 'விஸ்' என்று எழுதியது நம் வீசையைத்தான். பர்மியர் சொல்வது 'பெய்தா'.) ஒரு மூட்டை அரை வீசை குறைந்தது. லாரிக்காரர் சிரித்து மழுப்பினார். அமாஜீ அந்த லாரியின் எல்லா மூட்டையையும் மறுபடி இறக்கி நிறுக்க வைத்தார். ஒரு மணி நேரம் தெருவே கேட்கிற மாதிரி சண்டை. அவரைவிடப் பத்து வயது மூத்த ஆளிடம். அனாடே எங்கே போயிற்று?

வாய் இல்லாமல் இல்லை. லாரிக்காரரிடம் கெட்ட செய்தி சொன்னால் அரை வீசை மிச்சம். முதலாளியிடம் சொன்னால் நஷ்டம் முழுவதும் சொன்னவருக்கு. போன வருஷம் அந்தப் பையன் பட்டதை 64 பேரும் பார்த்திருந்தார்கள். சுவரில் 'துணிவு' என்று எழுதியிருந்தது, அதற்குக் கீழேதான் அவன் மேசை.

யாருக்கெல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று பேர்பேராக எழுதினேன். ஒழுக்கோ தரகர் பேச்சோ, இரண்டில் ஒன்றாவது தெரிந்தவர்கள் 11 பேர் வந்தார்கள். நான்காவது பெயர் மூத்த மகனுடையது.

எடுத்த முடிவுகள்

பட்டியலை மேசைமேல் வைத்து, "குற்றவாளி வேணும்னா இதுல யாரை எடுத்துக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்றேன். மூத்த மகன் தன் பெயரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பெரியவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆளைத் தேடும் வேலை அன்றோடு நின்றது.

அக்டோபரில் தடிஞ்ஜுட் பண்டிகை. பௌத்தர்கள் பெரியவர்களை விழுந்து வணங்கி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கும் நாட்கள். ஆலையிலும் வருஷாவருஷம் தொழிலாளர்கள் பாய் விரித்து உட்கார்ந்து பெரியவரை வணங்குவார்கள். அவர் ஆசி சொல்லிக் கவர் கொடுப்பார். அந்த வருஷம் வணக்கம் முடிந்ததும் அவர் எழுந்து, மடித்த காகிதத்தை எடுத்தார். பெயர்களைப் படிக்கவில்லை. பர்மிய மொழியில் ரொம்ப எளிமையாகச் சொன்னார்: "கூரை ஒழுகியதை என் வீட்டாரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்கள். கேட்காதது எங்கள் பிழை." பிறகு அமாஜீயைக் கூப்பிட்டு முதல் கவரை அவரிடம் கொடுத்தார். இதை நான் யோசனையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாடகமாகப் போயிருக்கும்.

அந்த மாதத்திலேயே நான்கு ஏற்பாடுகள் செய்தோம். காலை ஏழு மணிக்குக் குடும்பத்தில் ஒருவர் குடோனைச் சுற்றி வர வேண்டும். 'எல்லாம் சரியா' என்ற கேள்வி கூடாது; "இன்னைக்கு எது சரியில்ல?" என்றுதான் கேட்க வேண்டும். சொன்னதை அங்கேயே ஒரு நோட்டில், யார் சொன்னது என்பதோடு, எழுத வேண்டும். கூட்டம் முழுக்கப் பர்மிய மொழியில், கதவு திறந்தபடி.

ஆட்குறைப்பு பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. கணக்குப்படி 15 பேரை நிறுத்த வேண்டும். நான் வேண்டாம் என்றேன். இரக்கத்தால் சொன்னதல்ல. கெட்ட செய்தி வெளியே வந்த மறுமாதம் யாரை நிறுத்தினாலும், சொன்னவன் போனான் என்றுதான் மீதிப் பேர் படித்துக்கொள்வார்கள். நோட்டு அதோடு காலி. குடும்பத்தார் தாங்கள் எடுக்கும் தொகையைப் பாதியாக்கினார்கள், அந்த வருஷத் தீபாவளி போனஸ் அரிசியாகவும் எண்ணெயாகவும் போயிற்று, அடுத்த திஞ்ஜான்வரை யாரையும் நிறுத்துவதில்லை என்று முடிவாயிற்று.

தொழில் திசையையும் மாற்ற வேண்டியிருந்தது. டெல்லியில் ஒரு கையெழுத்து விழுந்தால் ரங்கூனில் கஞ்சிக்கு வழியில்லை என்ற நிலை இனிக் கூடாது. இளைய மகன் துபாய், வியட்நாம் என்று பேசினார். கொண்டைக்கடலையைக் கொண்டுவந்தது அமாஜீ: "சாப்பிடுகிற ஆள் பக்கத்திலேயே இருக்கிறானே." பர்மாவில் கடலைப்பருப்புக்கும் கடலைமாவுக்கும் ஓயாத கிராக்கி. மொஹிங்கா என்ற மீன் நூடுல்ஸ் குழம்பு கெட்டியாக, தோஹு என்ற கடலைமாவுக் கட்டி செய்ய, பஜ்ஜிக்கு, தேநீர்க் கடைப் பருப்புக்கு. சகாயிங் பக்கத்து வறண்ட நிலத்தில் நன்றாக விளைகிறது. அதற்குப் பர்மியப் பெயர் 'கலாப்பெ'. கலா என்பது இங்கே நம்மைக் குறிக்கும் சொல், அவ்வளவு மரியாதையான சொல்லும் அல்ல. நம் பெயரையே சுமக்கிற கடலையை 27 வருஷம் நாம் திரும்பிப் பார்க்கவில்லை என்று பெரியவர் சிரித்தார். உளுந்து உடைக்கும் இயந்திரத்தில் சல்லடையும் கல்லும் மாற்றினால் போதும். மாவு மில் ஒன்று புதிதாக வேண்டும். அதற்கு இரண்டாம் குடோனை விற்றார்கள்.

என் பங்குக்கு நான் ஒரு தவறு செய்தேன். பெயர் சொல்லக் கூசுகிறவர்களுக்காகப் பூட்டுப் போட்ட யோசனைப் பெட்டி ஒன்று வைக்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் ஒரு பழைய லாட்டரிச் சீட்டும், வெற்றிலை மடித்த பிளாஸ்டிக் தாளும் இருந்தன.

பிறகு நடந்தது

காலைச் சுற்றில் முதல் இரண்டு வாரமும் அற்ப விஷயங்கள்தான். பெண்கள் கழிப்பறையில் குழாய் ஒழுகுகிறது என்பது முதல் பதிவு. பெரியவர் அன்று மதியத்துக்குள் ஆள் வைத்துக் குழாயை மாற்றினார். மூத்த மகனுக்கு அது வீண் வேலையாகப் பட்டது. குழாயைக் கொண்டுதான் அவர்கள் ஆழம் பார்த்தார்கள் என்று நான் நினைக்கிறேன். மூன்றாவது வாரக் கடைசியில் புடைக்கும் பெண் ஒருத்தி, உடைக்கிற கல்லில் விரிசல் விட்டிருப்பதாகச் சொன்னாள். சொல்லாமல் விட்டிருந்தால் கல் வெடித்து யார் கையாவது போயிருக்கும்.

கணக்கர் 2018 தொடக்கத்தில் விலகினார். எல்லாரும் எல்லாவற்றையும் நேரே சொல்லும் இடத்தில், நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறவருக்கு வேலை குறைந்துவிட்டது. விசுவாசமான மனிதர். அவர் மனம் நோகாமல் இந்த மாற்றத்தைச் செய்திருக்க முடியுமா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அந்த வருஷம் மே மாதம் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 3,600 சாட்டிலிருந்து 4,800 ஆயிற்று. கடலைமாவு இன்னும் லாபம் பார்க்கவில்லை. ஒரு வீசைப் பொட்டலம் போட்டிருந்தார்கள். தேநீர்க் கடைக்காரிகள் கால் வீசைதான் கேட்டார்கள், அன்றன்றைக்கு விற்ற காசில் அன்றன்றைக்கு வாங்குகிறவர்கள். இதைச் சொன்னது சென்னை லைன் பையன். போனில் வேலை குறைந்ததால் அவனைக் கடை கடையாக அனுப்பியிருந்தார்கள். 2019 முடிவில் விற்பனையில் பாதி உள்நாட்டில் வந்தது. சுவரிலிருந்த ஐந்து சொற்களில் ஒன்று ஒரு மழையில் கீழே விழுந்து உடைந்தது. யாரும் திரும்ப மாட்டவில்லை. இளைய மகனும் கேட்கவில்லை.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வங்கிகள் மூடிக் கிடந்தன. திறந்தபோதும் கையில் வாங்கக்கூடிய பணத்துக்கு வரம்பு. மார்ச்சில் ஹ்லைங்தாயாவில் ராணுவச் சட்டம். தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு டெல்டாவுக்குத் திரும்பினார்கள். ஆலையை மூடும் முன் பெரியவர் செய்தது, 1987ல் அவரே கனவிலும் நினைத்திராதது: இரும்புப் பெட்டியைத் திறந்து, இருப்பு எவ்வளவு என்று எல்லார் முன்னாலும் எண்ணச் சொன்னார். 49 பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு மாதக் கூலியில் பாதி பணமாக, பாதி அரிசியும் பருப்புமாக. குழந்தை இருப்பவர்களுக்குப் பணம் கூடப் போகட்டும் என்று பங்கைத் திருத்தியது தொழிலாளர்கள். ஜூனில் திறந்தபோது 38 பேர் திரும்பி வந்தார்கள்.

அதற்கு முந்தின மாதம், மே 15ல், இந்தியா உளுந்து இறக்குமதியை மறுபடி தடையில்லாமல் திறந்துவிட்டிருந்தது. பிறகு ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் ஐந்து வருஷம் பர்மாவிலிருந்து வாங்குவதாக ஒப்பந்தமும் ஆயிற்று. பழைய நாள் திரும்பியது போல மூத்த மகனுக்கு உற்சாகம். இம்முறை கதவு திறந்த அறையில், பர்மிய மொழியில், சென்னை லைன் பையன் எழுந்து சொன்னான்: "அண்ணே, முழுசா போக வேண்டாம். திறந்தவங்களுக்கு மூடவும் தெரியும்." மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உளுந்தில் போடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். 2022 ஏப்ரலில் அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. ஏற்றுமதியில் வந்த டாலரை உடனே, 1,850 சாட் என்ற அரசு விலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமென்று மத்திய வங்கி உத்தரவிட்டது. வெளிச்சந்தை விலை அதைவிட மேலே. முழுக்க ஏற்றுமதியில் இருந்த சிலர் அந்த வருஷம் கடையைச் சுருட்டினார்கள். இவர்களுக்கு வலித்தது மூன்றில் ஒரு பங்கு.

எல்லாம் நன்றாக முடிந்ததாக எழுத முடியாது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் இளவயது ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகத் தாய்லாந்துப் பக்கம் போனார்கள். சென்னை லைன் பையனும் போய்விட்டான். சொல்லிக்கொண்டுதான் போனான், மாற்றாள் பழகட்டும் என்று பத்து நாள் கூட இருந்துவிட்டுப் போனான். மூட்டை தூக்க ஆளில்லை. சாக்கைப் பாதி எடைக்குக் குறைத்து, பெண்களை இயந்திரத்துக்கு மாற்றினார்கள். லாபம் 2016 அளவை இன்னும் தொடவில்லை.

மறுபடி செய்வதானால்

பெட்டி வைக்க மாட்டேன். கணக்கரோடு முதல் வாரமே தனியாக உட்கார்ந்து பேசுவேன். நோட்டில் சொன்னவர் பெயரோடு, அதற்கு என்ன செய்தோம், எந்தத் தேதியில் என்பதற்கும் ஒரு பத்தி போடுவேன். அது இல்லாமல் முதல் வருஷம் பல பதிவுகள் அந்தரத்தில் நின்றுவிட்டன.

என் பட்டியலிலும் ஒரு ஓட்டை இருந்தது. அது 2022ல்தான் தெரிந்தது. ஆலையில் மதியச் சாப்பாடு பெரியவரின் மனைவி பொறுப்பு. பின்கட்டில் அண்டா வைத்துச் சமைப்பார். புடைக்கும் பெண்கள் காய் நறுக்க வருவார்கள். எனக்கும் அந்த மூன்று வாரமும் அங்கேதான் சாப்பாடு. ஒரு நாள் பழைய கதையைப் பேசிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "ஒழுகுதுன்னு அந்தப் புள்ளைங்க அன்னைக்கே சொல்லுச்சுங்க. ராத்திரி சாப்பிடும்போது இவர்கிட்ட சொன்னேன். அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துப்பாங்கன்னுட்டார்."

அப்படியென்றால் செய்தி அமாஜீ சொன்ன வாரத்திலேயே பெரியவர் காதுக்கு எட்டியிருக்கிறது. என் பட்டியலில் 11 பேர் அல்ல, 13 பேர், 13ஆவது பெரியவர். தடிஞ்ஜுட் அன்று அவர் 'இரண்டு தடவை' என்று சொன்னதை, மகனிடமும் கணக்கரிடமும் சொன்னதைச் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் சொன்னது 'என் வீட்டாரிடம்'. கணக்கர் வீட்டார் இல்லை.

"அப்பவே ஏன்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லையே தம்பி" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றினார்.

இப்போது காலைச் சுற்று ஏழு மணிக்கு அவருடைய பின்கட்டிலிருந்துதான் தொடங்குகிறது.